பாதியில் நிற்கும் கூடு

பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வயல்வெளிக் கிணறு ஒன்றின் மேல் ஓர் ஈச்சமரம் சாய்ந்து நின்றது. அதில் ஓர் ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டினான். தலையில் கொன்றைப்பூ நிறம் இருந்ததால் கொன்றையன் என்று பெயர். நார் கிழித்து நெய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அப்போதெல்லாம் கூட்டை முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் பெண்ணை அழைத்துக் காட்டுவது வழக்கம். கொன்றையனும் தன் துணை தினையாளைப் பதினெட்டு நாள் அந்தப் பக்கமே வரவிடவில்லை. பத்தொன்பதாம் நாள் கூப்பிட்டான். கூடு முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள். உள்ளே வெயில் புள்ளிபுள்ளியாக விழுந்தது. மைனாவும் மீன்கொத்தியும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவர்களில் யாரும் அதில் முட்டையிடப் போவதில்லை, அதனால் தாராளமாகப் புகழ்ந்தார்கள்.

தினையாள் உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே கூடு ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. வாசல் பக்கவாட்டில் அகலமாகத் திறந்து கிடந்தது. இன்றோ நாளையோ முட்டையிட வேண்டியவள் அந்த வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே கொன்றையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றாள். அத்தனை ஆசையோடு நிற்பவனிடம் வேறு என்ன சொல்ல அவளுக்கு மனம் வரும்?

இரண்டு முட்டை இட்டாள். நாலாம் நாள் மத்தியானம் ஆடிக்காற்று கிளம்பியது. கூடு தலைகீழாகப் புரளாத குறைதான். தினையாள் சிறகுகளை விரித்து முட்டைகளை அணைக்கப் பார்த்தாள். ஒன்றுதான் அகப்பட்டது. இன்னொன்று உருண்டு வாசலைத் தாண்டிக் கிணற்றுக்குள் போய்விட்டது.

கொன்றையன் கிணற்று விளிம்பில் இறங்கி எட்டிப் பார்த்தான். பிறகு பறந்து வந்து கூட்டைப் பிய்க்கத் தொடங்கினான்.

"இந்த லட்சணத்துல கட்டுன அலகு எனக்கு எதுக்கு?"

"பிய்க்காதீங்க. உள்ளே இன்னொண்ணு இருக்கு," என்றாள் தினையாள். "எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது, கூடு லேசா இருக்கு, வாசல் அகலம்னு. நான்தான் வாயைத் திறக்கலை."

"ஏன் சொல்லலை?"

"கட்டி முடிச்சுட்டுல்ல கூப்பிட்டீங்க. முடிஞ்ச வேலையில என்னத்தைச் சொல்ல?"

அவன் பிய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லு."

அவள் முட்டையை விட்டு நகராமல் சொன்னாள், அவன் செய்தான். வாசலைச் சுருக்கி, கீழ்நோக்கி நீளக் குழாயாக நெய்து இறக்கினான். முட்டை உருண்டு போகாமல் நடுவில் வரப்பு மாதிரி ஒரு தடுப்பு வைத்தான். கிணற்றோரத்துச் சேற்றை அலகில் சுமந்து வந்து உள்சுவரில் அப்பினான். பாரம் ஏற ஏறக் கூட்டின் ஆட்டம் அடங்கியது. ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தவன், கடைசி ஜன்னலில் மட்டும் தயங்கினான். தினையாளுக்குப் பாவமாக இருந்தது.

"அடைச்சுடுங்க. அடைச்சுட்டு அந்த ஈரமண்ணுல ஒரு பூ ஒட்டுங்க. நாளெல்லாம் உள்ளேயே கிடக்கிறவளுக்குப் பார்க்க ஏதாவது வேணும்ல," என்றாள்.

அவன் பறந்துபோய் ஆவாரம்பூ இதழ் ஒன்று கொண்டுவந்து ஒட்டினான். காற்று இன்னும் பத்து நாள் அடித்தது. மிஞ்சிய முட்டை பத்திரமாகப் பொரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கொன்றையன் பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டான். "ஏண்டா, முடிக்கத் தெரியலையா?" என்று பக்கத்து மரத்து ஆண்குருவிகள் கேலி செய்தார்கள்.

"இன்னும் அவ பார்க்கலை," என்றான் கொன்றையன். சிறகை அடித்துத் தினையாளைக் கூப்பிட்டான்.

அவள் வந்து கூட்டின் நடு வளையத்தில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். ஒரு நாரிழையை இழுத்துப் பார்த்தாள். இந்த முறை மனதில் பட்டதையெல்லாம் சொன்னாள்.

இன்றைக்கும் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டில் நிறுத்திவிட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதும், அவள் நாரிழையை இழுத்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே மீதியைக் கட்டுவதும் அன்று தொடங்கியதுதான். உள்ளே அப்பிய மண்ணில் சில கூடுகளில் ஒரு பூவிதழ் ஒட்டியிருக்கும். அது அவள் கேட்டது.