பாம்புக்கடி எந்தப் பக்கம்?

நாகர்கோவிலில் தாணுமாலயன் என்று ஒருவர் இருந்தார். ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டு ஒன்றுக்கு அறுநூறு பக்கத்தில் விதிப்புத்தகம் எழுதியவர். ஆட்டத்துக்கு நடுவரும் அவரேதான். யார் என்ன கேட்டாலும், "புத்தகத்துல காட்டு, பொறவு பேசு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா என்ற பெண் முதல் தடவையாக ஆட வந்தாள். அவளுக்குத் திருடி வேஷம். அரண்மனைக்குள் நுழைந்ததுமே திருடியைப் பாம்பு கடித்துவிட்டது.

"செத்துட்டே மக்ளே, எந்திரிச்சுப் போ" என்றார் தாணுமாலயன்.

"மருந்து கிடையாதா சார்?"

"புத்தகத்துல காட்டு."

பிலோமினா பின்பக்கத்துப் பொருளகராதியைப் புரட்டினாள். 'பாம்பு: விஷம் பார்க்க' என்றிருந்தது. விஷத்துக்குப் போனால், 'பாம்பு பார்க்க' என்றிருந்தது. கூட ஆடியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"பாம்பு கடிச்சா சாவுன்னு எங்க போட்டிருக்கு? நீங்க காட்டுங்க சார். அதுவரைக்கும் நான் ஆடுதேன்."

அவர் தேட ஆரம்பித்தார். அவள் பகடையை உருட்டினாள். காவலரை ஏமாற்றினாள், கஜானாவைத் திறந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலை நிமிராமலே "சரி, சரி" என்றார். கடைசியில் திருடி சிம்மாசனத்தில் ஏறி மகுடமும் சூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவர், "கெடச்சிட்டு!" என்று கத்தினார். குதிரை விலை அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில் இருந்தது. "பாம்பு கடிச்சா உடனே சாவு. மகாராணி செத்தாச்சு!"

"சரி சார், செத்துட்டேன்" என்றாள் பிலோமினா. "செத்தவ நாடாளக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

தாணுமாலயன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பொருளகராதியைத் திறந்தார்.