முதலில் தொட்ட கை

ஊர்க்குளத்து மடையை ஆண்பிள்ளைதான் திறக்க வேண்டும், பெண் கை பட்டால் விளங்காது என்பது பண்ணையார் வன்னியப்பர் போட்ட சட்டம். புருஷன் செத்த மூன்றாம் மாதம், கதிர் வாங்கும் நேரத்தில் சிட்டம்மாளின் வயல் வெடித்துக் கிடந்தது. அவள் ஊர்க்கூட்டத்துக்கே வந்து தண்ணீர் கேட்டாள்.

"பொம்பளை கை முதல்ல பட்டு எது விளங்கியிருக்கு?" என்று மீசையை நீவினார் பண்ணையார். "ஒண்ணே ஒண்ணு காட்டு. மடைச் சாவியை உன் கையிலேயே தர்றேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே, ஐயா?"

"ஊரே சாட்சி!"

சிட்டம்மாள் விறுவிறுவென்று போய், மருத்துவச்சி பூவாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

"இந்தக் கிழவியையா காட்டுறே?"

"இல்லைங்க ஐயா, உங்களைத்தான் காட்டுறேன். நீங்க பிறந்தப்போ முதல்ல தொட்டுத் தூக்கினது இந்தக் கைதான். நீங்க விளங்கினீங்களா, விளங்கலையா? நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விளங்கவில்லை என்று எந்த மனுஷன் தன் வாயால் சொல்வான்? பண்ணையார் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தார். அன்றோடு அந்தச் சட்டமும் அவிழ்ந்தது.

அறுப்பு முடிந்ததும் சிட்டம்மாள் கடகப்பெட்டி நிறையப் புதுநெல் சுமந்துபோய், பூவாயியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை இல்லேன்னா எனக்கு இந்த நெல் ஏது, ஆத்தா?"

பூவாயி பொக்கை வாயால் சிரித்தாள். "இந்தக் கை எத்தனையோ பிள்ளையைத் தொட்டிருக்கு, தாயி. எல்லாம் நல்லா விளங்கிச்சு. அந்த ஒருத்தன் விளங்கத்தான் அம்பது வருஷம் ஆச்சு."