ஐந்தாவது கியர் பல்லைக் கொடுத்த கதை

பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டே சொல்கிறேன். கை அது பாட்டுக்கு மடிக்கும்.

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு அது பேசுவது கேட்கும். அப்போது மாசானம் என்று ஒரு டிரைவர் இருந்தார். அவருடைய வண்டியின் கியர் பெட்டிக்குள் ஐந்து அண்ணன் தம்பிகள் குடியிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சோடிப் பல்சக்கரம். சோடியில் ஒன்று இஞ்சின் பக்கம், இன்னொன்று டயர் பக்கம். ஒன்றின் பல்லில் ஒன்று மாட்டிச் சுற்றும்.

மூத்தவனுக்கு இஞ்சின் பக்கம் சின்னச் சக்கரம், டயர் பக்கம் பெரிய சக்கரம். இஞ்சின் பல சுற்றுச் சுற்றினால்தான் டயர் பக்கம் ஒரு சுற்று. மெதுவாகத்தான் போவான், ஆனால் மலையையே இழுப்பான். நாலாவது ஆளுக்கு இரண்டும் ஒரே அளவு. ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று.

கடைசித் தம்பிக்கும் இரண்டும் ஒரே அளவுதான். அதனால் அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை.

“ஏலே, நாலாவது செய்யுத வேலையத்தான நீயும் செய்வ? எண்ணெயில ஊறிக்கிட்டு கெட, ஊறுகா மாதிரி” என்பான் மூத்தவன்.

ஒரு நாள் உச்சிவெயிலில், மாசானம் தன் தங்கை பேச்சித்தாயைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சீக்கிரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வழி முழுக்கப் பொட்டல். நேர்ரோடு. நடுவில் பெட்ரோல் கிடையாது, நிழல் கிடையாது.

நாலாவது கியரில் வண்டி பறந்தது. இஞ்சின் அலறியது. கொதிப்பு ஏறியது, பெட்ரோல் முள் இறங்கியது.

“மாசானம், இந்தச் சுத்து சுத்துனா எனக்குப் பாதி வழிதான். கொஞ்சம் மெதுவாப் போயேன்” என்றது இஞ்சின்.

பின்னால் பேச்சித்தாய் சீட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “எண்ணே, மெதுவாப் போயிராத. எம்புள்ள தாங்காது.”

மெதுவாகப் போனால் பிள்ளை இல்லை. இப்படியே போனால் இஞ்சின் இல்லை.

அப்போதுதான் கடைசித் தம்பி வாயைத் திறந்தான். “இஞ்சின் கொறைச்சுச் சுத்தணும், வண்டி அதே வேகத்துல போகணும். அவ்வளவுதான? எங்கிட்ட ஒரு வழி இருக்கு.”

சொன்னவன் தன் டயர் பக்கச் சக்கரத்தின் பல்லை உதிர்க்க ஆரம்பித்தான். உதிர்ந்த பல்லையெல்லாம் எதிரே இருந்த இஞ்சின் பக்கச் சக்கரம் வாங்கித் தன் மேல் வைத்துக்கொண்டது. இது சிறுத்தது, அது பெருத்தது.

மூத்தவன் பதறிப் போனான். “பல்லுதாம்லே நம்ம வலு! போனா முளைக்காதுலே!”

“தெரியும்.”

“வலிக்கலையாலே?”

“வலிக்கி. பேச்சுக் குடுக்காத.”

சுருங்கி முடித்ததும், “மாசானண்ணே, இப்பம் என்னையப் போடு” என்றான்.

மாசானம் கிளட்சை மிதித்து, அதுவரை கை போகாத மூலைக்குக் கியர் கம்பியைத் தள்ளினார். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, சின்னது ஒரு சுற்றையும் தாண்டிச் சுற்றியது. அலறல் அப்படியே அடங்கியது. வண்டியின் வேகம் மட்டும் குறையவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது. பேச்சித்தாயின் வளையல் சத்தம்கூடக் கேட்டது. இஞ்சின் நீளமாய் ஒரு மூச்சு விட்டது. மாசானத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. கோயிலுக்குள் கால் வைத்ததுபோல இருந்ததாம்.

பொட்டல் முடிந்து ஊர் வாசலில் ஆற்றுப்பாலம் வந்தது. செங்குத்தான ஏற்றம். அவசரத்தில் மாசானம் கியரைக் குறைக்கவில்லை. வண்டி உதறியது, முக்கியது, நிற்கப் பார்த்தது.

“என்னால ஆகாதுண்ணே” என்று அழுதான் கடைசித் தம்பி. “எம் வலு பல்லோட போயிட்டு. அண்ணன்மாரக் கூப்பிடு!”

மூத்தவன் சத்தம் போட்டான். “அழாதல! நீ பொட்டலத் தாண்டி விட்டுட்ட. மேட்ட நாங்க பாத்துக்கிடுதோம். ஏல மூணு, எந்திரில!”

மூன்றாவது ஆள் தோள் கொடுத்தான். வண்டி முனகிக்கொண்டே பாலம் ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது பெட்ரோல் தொட்டியில் ஈரம்தான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. கியர் பெட்டிக்குள் மூத்தவன் தம்பியை மெல்லத் தொட்டுப் பார்த்தான். போன பல் முளைக்கவே இல்லை.

அன்று முதல்தான் நேர்ரோட்டில் ஐந்தாவதைப் போட்டதும் இஞ்சின் சத்தம் அடங்குகிறது. அன்று முதல்தான் மேடு கண்டால் அவனை விட்டுவிட்டு அண்ணன்மாரைத் தேடுகிறார்கள். அது அவனுக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் வண்டியில் ஐந்தாவது விழும்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திவிடுவேன், ஏனென்றால் அந்த அமைதிக்குள்ளே ஒரு பிள்ளை பிழைத்துக் கிடக்கிறது, அதை நாம்... இந்தா வந்துட்டேன் அத்தே, பாலை நீங்க எறக்க வேண்டாம், நானே எறக்குதேன்.