மூன்றாம் நம்பருக்கு வந்த வியாதி

கரட்டுப்புதூர் துப்பாக்கி சுடும் கழகத்தில் மூன்று உறுப்பினர்கள், ஒரு கைத்துப்பாக்கி, மூன்று மேகசின். மூளை எத்தனை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வடமலை செயலாளர். குப்புராஜும் பூமிநாதனும் அவர் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள், அதுதான் கோளாறே.

சின்னத் தோட்டா போடும் துப்பாக்கி அது. மேகசின் என்கிற கூட்டில் அடுக்கிச் செருகினால் தோட்டா ஒவ்வொன்றாக மேலேறிக் குழலுக்குள் போக வேண்டும். ஒரு மாதமாகப் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அதிகாரி வருவார், அவர் முன்னால் ஐந்து தோட்டா தடையில்லாமல் சுட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கழகத்துக்குப் பூட்டு.

வடமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் அவர் அதட்டினால் பூனைகூட எழுந்து போகாது. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஒரே இடம் கழகத்து போர்டுதான். பாவம், அதுவும் போய்விட்டால் மனிதர் என்னதான் செய்வார்?

கோயம்புத்தூரில் துப்பாக்கி பழுது பார்க்கும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"முதல்ல தோட்டாவையெல்லாம் வெளியே எடுத்துருங்க."

பூமிநாதன் ஓடிப் போய் வந்தான். "எடுத்தாச்சுங்க," என்றார் வடமலை. "காம்பவுண்டு சுவத்து மேல வெச்சிருக்கோம்."

சவரிமுத்து அடுத்த சோதனைக்குப் போனார். "சரி, உதட்டைப் பாருங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கா?"

வடமலை குப்புராஜை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்திப் பார்த்தார். "கீழ் உதடு கொஞ்சம் தடிப்புங்க. இவங்க அப்பாவுக்கும் அப்படித்தானுங்க."

"யோவ், மேகசின் உதடுய்யா! தோட்டா வெளிய வர்ற வாய்!"

அது சமமாகத்தான் இருந்தது. "அப்ப அடுக்குறதுலதான் தப்பு. மேல் தோட்டாவோட அடி விளிம்பு கீழ்த் தோட்டா விளிம்புக்கு முன்னால இருக்கணும். பின்னால போனா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும்."

போனை வைத்ததும் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"மேல இருக்கிறது எப்படிங்க முன்னால இருக்கும்?" என்றான் குப்புராஜ்.

"முன்னாலன்னா முந்தின்னு அர்த்தம்டா. எந்தத் தோட்டா முந்திப் பொறந்ததோ அது மேல போகணும்," என்றார் வடமலை.

"இதுல மூத்தது எதுங்க?"

ஐம்பது தோட்டாவையும் மேஜையில் பரப்பி, மூன்று பேரும் குனிந்து முகம் பார்த்தார்கள். எல்லாம் ஒரே பிரசவம் போலத்தான் இருந்தன. பூமிநாதன் மட்டும் ஒன்றை எடுத்து, இது கொஞ்சம் விவரமாக இருக்கிறது என்றான். அதை மேலே வைத்துச் சுட்டார்கள். அதுதான் முதலில் சிக்கியது.

மறுபடி போன். சவரிமுத்துவின் குரலில் சுரத்தே இல்லை. "மேகசினுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடுங்க. எந்த நம்பர் சிக்குதுன்னு பார்த்து, அதை மாத்திருங்க."

நம்பர் போட்டுச் சுட்டார்கள். மூன்றாம் நம்பர் சிக்கியது. உடனே அதை அழித்து ஒன்று என்று மாற்றினார்கள். ஒன்றாக இருந்ததை மூன்றாக்கினார்கள். மறுபடி சுட்டால் ஒன்றாம் நம்பர் சிக்கியது.

"ஐயையோ, மூணுக்கு வந்த வியாதி ஒண்ணுக்குத் தொத்திக்கிச்சு!" என்றான் குப்புராஜ்.

வடமலை மோவாயைத் தடவி வெகுநேரம் யோசித்தார். "இத்தனை கலவரத்துலயும் ரெண்டாம் நம்பர் ஒரு தடவைகூடச் சிக்கலை, கவனிச்சீங்களா?"

ஆகவே மூன்று மேகசினுக்கும் இரண்டு என்றே நம்பர் போட்டார்கள். இப்போது இரண்டாம் நம்பரும் சிக்கியது. எந்த இரண்டாம் நம்பர் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது போனில் சவரிமுத்து கையெடுத்துக் கும்பிடாத குறை. "சாமிகளா, இனிமே நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க. போட்டியில எப்படின்னா, சிக்கினா துப்பாக்கியை மேஜையில வெச்சுட்டுக் கையைத் தூக்கிட்டு நிக்கணும். அதிகாரி வந்து பார்த்துக்குவாரு. அது வரைக்கும் எதையும் தொடாதீங்க."

ஞாயிறு ஒன்பது மணிக்கு ஒத்திகை பார்த்தார்கள். முதல் தோட்டா பாய்ந்தது, இரண்டாவது சிக்கியது. வடமலை துப்பாக்கியை இலக்குப் பலகை பக்கம் திருப்பி மேஜையில் வைத்தார். மூன்று பேரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் பயம்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கிசுகிசுத்தார்.

"சிக்கிக்கிச்சுங்க சார்," என்றார் வடமலை, அழாத குறையாக.

"எத்தனை பேரு?"

"ஒண்ணுதானுங்க. பாதி உள்ளே இருக்கு, பாதி வெளியே இருக்கு."

அதிகாரி ஒருக்களித்துத் திறந்திருந்த பின்கதவைப் பார்த்தார். "அவன்கிட்ட துப்பாக்கி இருக்கா?"

"துப்பாக்கி இருக்கப் போய்த்தானுங்க சார் எங்களுக்கு இந்தக் கதி!"

அதிகாரி கைப்பையை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு அவரும் இரண்டு கையையும் தூக்கினார்.

வடமலை அலறினார்.

"ஐயோ சார், நீங்க தூக்கக் கூடாதுங்க! நீங்களும் தூக்கிட்டா, வந்து பார்க்கிறதுக்கு நாம எந்த அதிகாரியைக் கூப்பிடுறது?"