தவசியப்பனின் சிக்னல் தகடு

வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸை, நடுரோட்டில் சாய்ந்து கிடந்த ஒரு மரம் நிறுத்திவிட்டது. யார் போனிலும் சிக்னல் இல்லை. அதிகம் பதறியவர்கள் ஆறுச்சாமியும் அவர் மனைவி மயிலாத்தாளும்தான். கூடவே பஸ்ஸில் வந்த அவர்கள் மகளுக்குக் கீழே பொள்ளாச்சியில் அன்று நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா திருமூர்த்தி கோபக்காரர். நேரம் தவறினால் பேச்சையே முறித்துவிடுவார் என்று பயந்தார்கள்.

பின் சீட்டிலிருந்து தவசியப்பன் எழுந்தார். ஊர் ஊராகப் போய் மிக்சி ரிப்பேர் பார்ப்பவர். பையிலிருந்து விசிறி மாதிரி மடித்த அலுமினியத் தகடு ஒன்றை எடுத்து விரித்தார்.

“இதுக்கு பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாமுங்க. போனுக்குப் பின்னால புடிச்சாப் போதும், காத்துல திரியற சிக்னலெல்லாம் ஆடு பட்டிக்கு வர்ற மாதிரி வந்துரும். ஒருநா கெணத்துக்குள்ள மோட்டார் மாட்டிட்டிருந்தேன். இதைப் புடிச்சேன் பாருங்க, எனக்கு வர்ற கால் மட்டுமில்ல, ஊருக்கே வர்ற காலெல்லாம் எனக்கு வந்துருச்சு. பாதிப் பேருக்கு நாந்தான் பதில் சொன்னேன்.”

கிணற்றுத் தண்ணியில் போன் நனையவில்லையா என்று கண்டக்டர் கேட்டார்.

“போனா? அது ஊட்ல இருந்துச்சுங்க. வெறும் தகட்டைக் காதுல வெச்சுத்தான் பேசினேன்.”

அதோடு விடவில்லை. இன்னொரு நாள் வெயிலுக்காகத் தலைக்கு மேல் பிடித்தாராம். கொழும்புக்குப் போன விமானம் வழி மாறித் தாழ இறங்கி வந்துவிட்டதாம். பாவம், அந்த பைலட்டுக்குப் பல்லடம் ரோட்டைக் காட்டி அனுப்பிவைத்தாராம்.

ஆறுச்சாமி இதில் எதையும் நம்பவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல், சம்பந்திக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டார். தவசியப்பன் தகட்டைப் பிடித்து, பஸ் முழுக்கக் கேட்க, மரம் விழுந்ததைச் சொன்னார், நலம் விசாரித்தார், பந்தியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி வைத்தார்.

மயிலாத்தாள் மெதுவாகக் கேட்டாள்: “எல்லாஞ் செரிங்ணா. அவரு நம்பரை நாங்க இன்னுஞ் சொல்லவே இல்லீங்களே.”

பஸ்ஸே சிரித்தது. ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்தாவது போய்ச் சேரலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அப்போது மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. திருமூர்த்தியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைகளைத் தாண்டி வந்தார். வழி அடைபட்டுத் திரும்பிய பால் வண்டிக்காரர் சொன்னாராம். பெண் வீட்டார் தவித்துப்போவார்களே என்று கூட்டிப்போக வந்திருக்கிறார். மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தவசியப்பன் தகட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“பேச்சு போய்ச் சேந்தாப் போதும்னு லேசாத்தான் புடிச்சேன். ஆளையே இழுத்துட்டு வந்துருச்சு பாருங்க.”