டி டிரைவில் இருந்தவர்கள்

மில் அலுவலகக் கணினியில் சி டிரைவ் நிரம்பிவிட்டது. "டியில பழைய தொழிலாளிங்க குப்பைதானே கிடக்கு? அதை அழிச்சு, சியைப் பெருசாக்கு!" என்று அதட்டினார் மேலாளர் தணிகாசலம்.

"அது அவங்க சர்வீஸ் ரெக்கார்டு, சார். அதை வெச்சுத்தான் பென்ஷனே" என்றாள் தட்டச்சர் பூங்கோதை.

"சொன்னதைச் செய்!"

அவள் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டியை அழித்து, பாதி இடத்தைச் சியோடு சேர்த்தாள்.

"டி இப்போ இல்லை, சார். உங்க சர்வீஸ் ரெக்கார்டும் அதிலதான் இருந்தது."

அடுத்த மாதம் ஓய்வுபெறப் போகிற தணிகாசலம் நாற்காலியில் சரிந்தார். "முப்பது வருஷம்மா..."

பூங்கோதை டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். "பத்திரமா இருக்கு, சார். மிச்ச இடத்துல சின்னதா ஒரு டி போட்டு ஏத்திடலாம். உங்களோடதை முதல்ல ஏத்தட்டுமா?"

தணிகாசலம் டிஸ்க்கை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு மெதுவாக, "அந்தத் தொழிலாளிங்களோடதை முதல்ல ஏத்தும்மா" என்றார்.