பொன்சீலி வரைந்த கிரேன்

“டீச்சர், இதுல எந்த ஆப்பை நான் படிக்கணும்?”

செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டாள் பொன்சீலி.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. அவள் டீச்சர் என்று அழைத்த நபீலாவுக்கு இருபத்தாறு. காயல்பட்டினத்தில், வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து குழந்தைகள் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். இதுவரை யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. தெரிந்தவர் ஒருவர் விலாசம் கொடுக்க, தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் பொன்சீலி.

“உக்காருங்கக்கா. முதல்ல தண்ணி குடிங்க.”

பொன்சீலி தண்ணீரைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தாள்.

பக்கம் முழுக்கக் கட்டங்கள். பதினோரு மென்பொருள்களின் பெயர்கள். எது இலவசம், எதற்குச் சந்தா, எதில் எத்தனை பிரஷ், எதில் லேயர் உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு எது சுலபம்.

“யூடியூப்ல ஒண்ணு விடாம பாத்துட்டேன். ஒருத்தர் இதுதான் சுலபம்னு சொல்லுதாரு. இன்னொருத்தர் அதைத் தொடவே தொடாதீங்கன்னு சொல்லுதாரு. நானும் எழுதி எழுதிப் பாக்கேன், ஒரு முடிவுக்கு வர முடியல.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

“இதுவரைக்கும் என்ன வரைஞ்சிருக்கீங்க?”

பொன்சீலி தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

*

அவள் கணவர் ஞானதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம்.

ஆறு மாதத்துக்கு முன்பு, ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

பிறர் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கியிருந்தது.

“பசிக்கா?”

“சரி.”

“வலிக்கா?”

“சரி.”

“ஏங்க, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

“சரி.”

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சில அட்டைகளைக் கொடுத்தாள். வேண்டியதை அவர் தொட்டுக் காட்டட்டும், தொடத் தொடச் சொல்லும் வரலாம் என்றாள். அட்டைகளில் முள்கரண்டி இருந்தது. பனிக்குப் போடும் கோட்டு இருந்தது. ஞானதுரை அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போட்டோ எடுத்துக் காட்டிப் பார்த்தாள் பொன்சீலி. அதில் பின்னால் கிடக்கும் சாமான்களில் அவர் கண் அலைந்தது.

“உங்க வீட்டுல உள்ளதை நீங்களே வரைஞ்சு காட்டுங்கம்மா” என்றாள் பயிற்சி கொடுப்பவள். “முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம். அதை விட்டுராதீங்க.”

மஸ்கட்டில் இருக்கும் மகன் ஒரு டேப்லெட்டும் பேனாவும் வாங்கி அனுப்பினான். பதினோரு மென்பொருள்களையும் அதில் இறக்கி வைத்தாள் பொன்சீலி. தப்பான ஒன்றைப் படித்து நாளை வீணாக்கிவிடக் கூடாது என்பது அவள் பயம்.

இப்படியே இரண்டு மாதம் போயிருந்தது.

*

நபீலா நோட்டை வாசிக்கவில்லை. டேப்லெட்டை வாங்கி அவள் மடியில் வைத்தாள்.

“ஏதாவது மூணைத் தொடுங்க.”

“எந்த மூணு?”

“கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் சரிதான்.”

தொட்டாள்.

“ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம். இந்த டம்ளரை வரையுங்க.”

முதல் மென்பொருளில் பிரஷ் எங்கே இருக்கிறது என்று தேடியே பத்து நிமிடம் போயிற்று. இரண்டாவதில் ஒரு கோடு விழுந்தது. அதை அழிக்கப் போய் வேறு எதையோ தொட்டாள். திரை முழுக்கக் கறுப்பானது. மூன்றாவதில் ஒரு டம்ளர் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடி, வாயைவிட அகலமாக இருந்தது.

நபீலா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இதுதான் உங்க ஆப்.”

“ஏன் டீச்சர்? இதுல பிரஷ் கம்மி. முதல்ல உள்ளதுலதான் எல்லா வசதியும் இருக்கு. நோட்டுல பாருங்க.”

“இதுலதான் டம்ளர் இருக்கு.”

சொல்லிக்கொண்டே மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி நீக்கினாள்.

“ஐயோ!” என்று எழுந்துவிட்டாள் பொன்சீலி.

நபீலா டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பஸ் நாலரைக்கு இருக்கு. நாளைக்கு ஒரு இட்லி வரையுங்க.”

*

பத்து நாள் கழித்து வந்தாள்.

“டீச்சர், கோடு நடுங்குது. ஆப் சரியில்ல.”

நபீலா அமைப்புகளுக்குள் போய் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினாள். கை நடுங்கினாலும் கோடு வழுக்கிக்கொண்டு நேராகப் போயிற்று.

“இது ஆரம்பத்துலயே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“அன்னைக்கு உங்ககிட்ட கோடு இல்லையேக்கா.”

*

அடுத்த முறை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். படத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர் போடக் கற்றிருந்தாள். ஒரு லேயரில் டம்ளர், ஒன்றில் நிழல், ஒன்றில் ஆவி, ஒன்றில் மேசை, ஒன்றில் பூப்போட்ட துணி.

“எப்படி இருக்கு?”

“அண்ணன் என்ன சொன்னாங்க?”

“அவுக துணியில உள்ள பூவையே பாத்துக்கிட்டு இருந்தாக.”

நபீலா ஒரு லேயரை மறைத்தாள். பூத்துணி போயிற்று.

“டம்ளர் இருக்கா?”

“இருக்கு.”

மேசையை மறைத்தாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

ஆவி போயிற்று. நிழல் போயிற்று. வெள்ளைத் திரையில் டம்ளர் மட்டும் நின்றது. நபீலா அதையும் மறைத்தாள்.

“இப்ப?”

பொன்சீலி கையை நீட்டினாள். டேப்லெட்டை வாங்கிக் கடைசி லேயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்தாள்.

*

அப்புறம் ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. வந்தபோது முகம் வாடியிருந்தது.

“பதினாறு படம் டீச்சர். எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான். பின்னால ஒண்ணும் கிடையாது. பிரிண்ட் போட்டு, அட்டையில ஒட்டி, ஒவ்வொண்ணாக் காட்டுதேன். சரி, சரின்னு சொல்லுதாக. ஒண்ணையும் தொட மாட்டேங்காக.”

“காட்டுங்க.”

தரையில் பரப்பினாள். தண்ணீர். இட்லி. மாத்திரை. போர்வை. ஃபேன். துண்டு. ஊன்றுகோல். சக்கர நாற்காலி. கக்கூஸ். கஞ்சி. கட்டில்...

படங்கள் நன்றாகவே இருந்தன. எது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது.

நபீலா வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளைக் கூட்டி வந்து இதைக் காட்டுறோம். இது யாரோட வீடுன்னு கேக்கிறோம். அவரு என்ன சொல்லுவாரு?”

பொன்சீலி குனிந்து பார்த்தாள். ஒரு அட்டையிலிருந்து இன்னொரு அட்டைக்குப் போனாள்.

“யாரோ ஒரு சீக்காளி வீடுன்னு...”



நபீலா அட்டைகளை அடுக்கி அவள் கையில் கொடுத்தாள். 

*

திரும்பும் பஸ்ஸில் பொன்சீலிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. முள்ளக்காடு தாண்டியதும் தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. இந்தப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். கிரேன்களைப் பார்த்திருக்கிறாள். அதற்குமேல் கவனித்ததில்லை.

இறங்கும் வரை தலையைத் திருப்பவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு கிரேன் வரைந்தாள். நான்கு கால். நீண்ட கை. கையின் முனைக்குக் கீழே ஒரு கன்டெய்னர். ஓட்டுகிறவர் உட்கார வேண்டுமே என்று, ஒரு காலுக்குப் பக்கத்தில், தரையோடு ஒரு சின்ன அறை. ஏறி இறங்கச் சௌகரியமாக இருக்கும்.

கஞ்சி கொடுத்து முடித்ததும் டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள்.

ஞானதுரை பார்த்தார்.

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். இடது கையை நீட்டினார். பேனாவை அவள் விரல்களிலிருந்து உருவினார். தரையோடு இருந்த அறையின் மேல் வறட்டு வறட்டென்று கிறுக்கினார்.

“இல்ல.”

பொன்சீலி கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது.

“என்ன சொன்னீங்க?”

“இல்ல! இல்ல!”

“எது இல்ல? ஏங்க, எது இல்ல?”

அவர் கை மேலே போயிற்று. உயரத்தில், கிரேனின் நீண்ட கைக்கு அடியில், ஒரு பெட்டி வரைந்தார். கோணல் பெட்டி. அதற்குள் ஒரு புள்ளி வைத்தார். பேனா முனையால் புள்ளியைத் தட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தட்டினார்.

“அங்கயா?” என்றாள் பொன்சீலி. “அவ்வளவு உயரத்துலயா உக்காந்திருந்தீக?”

அவர் நிறுத்தவில்லை. மேலிருந்து கன்டெய்னர் வரைக்கும், அதைத் தூக்கும் ரோப்புகளாகக் கோடுகள் இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

“இருபத்திரண்டு வருஷம் சோறு கட்டிக் கொடுத்திருக்கேன்” என்றாள் அவள். சிரித்துக்கொண்டே அழுதாள். “எங்க இருந்து சாப்பிட்டீகன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது.”

உடனே நபீலாவுக்குப் போன் போட்டாள்.

“டீச்சர்! நான் தப்பா வரைஞ்சுட்டேன்!”

தெரு முழுக்கக் கேட்கும் குரல்.

“எவ்வளவு தப்பு?”

“அம்புட்டும் தப்பு!”

“அப்ப அடுத்ததை எப்ப வரையப் போறீங்க?”

“ஆரம்பிச்சுட்டேன் டீச்சர்!”

*

இழுவைக் கப்பல் வரைந்தாள். புகைபோக்கி தப்பான இடத்தில் இருந்தது. அவர் திருத்தினார். தலைக்கவசம் வரைந்தாள். அவர் மஞ்சளைத் தொட்டு நிறம் மாற்ற வைத்தார். ஷிப்ட் மாறும்போது அவர்கள் டீ குடிக்கும் இடத்தை வரைந்தாள். பெஞ்சில் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தாள். அவர் இன்னும் மூன்று பேரைக் கோட்டில் இழுத்து உட்கார வைத்தார்.

சொற்கள் ஒன்றும் இரண்டுமாக வந்தன. தூக்கு. இறக்கு. கேபின். ரோப். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்தவளைப் பார்த்து, “பொன்னு” என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு பழைய அட்டைகளையும் தொட ஆரம்பித்தார். இட்லியைத் தொட்டார். கஞ்சியைத் தொட்டு “இல்ல” என்றார்.

ஆஸ்பத்திரியில் இந்தப் படங்களைப் பார்த்தார்கள். அங்கே பயிற்சிக்கு வரும் எட்டுக் குடும்பங்கள் கேட்டன. ஒருத்தி தன் கணவருக்குத் தறி வேண்டும் என்றாள். இன்னொருத்தி, எங்க அப்பா உப்பளத்தில் இருந்தவர், உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகை வரைவீங்களா என்றாள். பொன்சீலி ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்து வரைந்தாள். கடைசியில், எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் முடிவு செய்தார்கள்.

பொன்சீலிக்கு வெட்கம் வந்துவிட்டது.

*

இந்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு காயல்பட்டினம் வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு பக்கம் அவள் தோள். ஞானதுரை நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

“வாங்கண்ணே” என்று எழுந்து நின்றாள் நபீலா.

“டீச்சர், புத்தகம்னா நாலு பேர் பாப்பாக” என்றாள் பொன்சீலி. “என் படம் சின்னப் பிள்ளை கிறுக்கினது மாதிரி இருக்கு. கோடு ஒண்ணும் உருப்படி இல்ல. நீங்க உங்க கையால வரைஞ்சு தாங்க. கிரேனை மட்டுமாவது.”

நபீலா மறுப்பு சொல்லவில்லை. தன் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் வரைந்தாள். இருவரும் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் வந்தது. சாயங்கால வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் கிரேன் எழுந்து நின்றது. இரும்பில் துரு தெரிந்தது. தூரத்தில் ஒரு பறவைக் கூட்டம் போயிற்று.

பொன்சீலி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“இதுதான் டீச்சர் படம்! ஏங்க, பாருங்க. எப்படி இருக்குன்னு பாருங்க.”

அவள் தன் டேப்லெட்டை அணைக்கப் போனாள். அதில் அவளுடைய கிரேன் இருந்தது. நான்கு கால்களும் நான்கு தடிமனில்.

ஞானதுரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். பெரிய திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“அழகு” என்றார்.

நபீலா சிரித்தாள்.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எதையோ தேடின. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“ஓடாது.”

“என்னண்ணே?”

அவர் விரலை நீட்டி, கிரேனின் கைக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் வைத்தார். அந்த இடத்தில் பொன்னிற வானம் மட்டும் இருந்தது.

“ரோப்” என்றார்.

நபீலாவின் சிரிப்பு நின்றது. திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

ஞானதுரையின் விரல் பொன்சீலியின் மடிக்குப் போயிற்று. டேப்லெட்டில், அவர் இழுத்த நான்கு ரோப்போடு நின்ற கோணல் கிரேனைத் தொட்டது.

“இது...”

இருவரும் காத்திருந்தார்கள்.

“ஓடும்.”